அம்மா மறைந்த ‘அதே கணத்தில்’ நான் எங்கே இருந்தேன்? சார்பியலும் ‘இப்போது’ என்னும் சொல்லும்

மயிலை ஆசிரியை

ஓராண்டாக இந்த இணையக் களத்தின் இழைகளை வாசித்து மட்டும் வந்த நான் இன்று முதன்முறையாக எழுதுகிறேன். பள்ளியில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவள்; இயற்பியல் என் துறையன்று. ஆனால் என் கேள்வி இயற்பியலுக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது.

சென்ற ஆண்டு தை மாதத்தில் என் தாயார் சென்னையில் காலமானார். உடல்நிலை மோசம் என்று தம்பி சொன்னதும் டெல்லியிலிருந்து கிடைத்த விமானத்தில் ஏறிவிட்டேன். இறப்புச் சான்றிதழில் பிற்பகல் 2.40 என்று இருக்கிறது. அந்த நேரத்தில் விமானம் நாகபுரிக்கு மேலே எங்கோ இருந்திருக்க வேண்டும் என்று பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். அம்மாவின் மூச்சு நின்ற அதே கணத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்ற கேள்வி பல மாதங்களாக என்னை விடவில்லை.

துக்கம் விசாரிக்க வந்த உறவினர் ஒருவர் ஐன்ஸ்டைனின் கடிதம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். 1955 மார்ச்சில் நெடுநாள் நண்பர் பெஸ்ஸோ இறந்தபோது அவருடைய குடும்பத்தாருக்கு ஐன்ஸ்டைன் எழுதியது. இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்ற பாகுபாடு விடாப்பிடியான ஒரு மாயையே என்ற கருத்தை அதில் எழுதியிருக்கிறார். அடுத்த மாதமே அவரும் மறைந்தார். உறவினர் ஆறுதலாகத்தான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு படிக்கத் தொடங்கிய எனக்கு, தொலைவில் இருக்கும் இரண்டு இடங்களுக்குப் பொதுவான ‘அதே கணம்’ என்று ஒன்று கிடையாது என்பதே முதலில் கண்ணில் பட்டது.

ஆகவே இரண்டு கேள்விகள். நான் பல மாதங்கள் சுமந்த கேள்விக்குப் பொருளே இல்லையா? எதிர்காலமும் ஏற்கெனவே இருக்கிறது என்றால், அன்று நான் பதறிக்கொண்டு ஓடிவந்தது வீணா?

தரமணி

அம்மா, உங்கள் கேள்விக்குப் பொருள் உண்டு. எவ்வளவு தூரம் உண்டு என்பதை எண்களாலேயே சொல்லிவிட முடியும் என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். செய்தி நமக்கு எப்போது வந்து சேர்ந்தது என்பது வேறு, நிகழ்ச்சி எப்போது நடந்தது என்பது வேறு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் எழுந்த வானாய்வு நிலையத்தில் பணியாற்றிய கோல்டிங்ஹாம் 1820, 1821ஆம் ஆண்டுகளில் ஒரு சோதனை செய்தார். ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் நாள்தோறும் சுடப்பட்ட பீரங்கிகளின் ஒளி தெரிந்ததற்கும் ஓசை கேட்டதற்கும் இடையே கழிந்த நேரத்தை அளந்து, ஒலியின் வேகத்தைக் கணக்கிட்டார். காற்று, வெப்பநிலை, ஈரப்பதம் ஆகியவற்றையும் உடன் குறித்துக்கொண்டார். ஓசை கேட்ட கணத்தில்தான் பீரங்கி வெடித்தது என்று அவர் எண்ணவில்லை. தூரத்தை வேகத்தால் வகுத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வெடித்த நேரம் கிடைத்துவிடும். ‘அங்கே எப்போது நடந்தது’ என்பதை நாம் எப்போதுமே இப்படிக் கணக்கிட்டுத்தான் அறிகிறோம்.

ஒலிக்கு இந்தக் கணக்கில் சிக்கல் எழாததற்குக் காரணம், ஒலியைச் சுமக்கும் காற்று என ஒன்று இருப்பதுதான். நான் காற்றை ஊடுருவி ஓடினால் ஒலியின் வேகம் எனக்கு மாறும். அந்த மாற்றத்தைச் சேர்த்துக் கணக்கிட்டால் எல்லோருக்கும் ஒரே விடை வரும். ஒளிக்கு அப்படிச் சுமக்கும் பொருள் எதுவும் அகப்படவில்லை. யார் எந்தச் சீரான வேகத்தில் சென்றாலும் ஒளியின் வேகம் அவருக்கு வினாடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டராகவே அமைகிறது. ஆகையால் தரையில் நிற்பவரும் விமானத்தில் செல்பவரும் தத்தம் குறிப்பாயத்தில் (தம்மோடு சேர்ந்து செல்லும் அளவைச் சட்டகத்தில்) பிழையின்றிப் பின்னோக்கிக் கணக்கிட்டாலும், தொலைவிலுள்ள ஒரு நிகழ்ச்சியின் நேரத்தைப் பற்றி இருவருக்கும் வெவ்வேறு விடைகள் வருகின்றன. 1905இல் ஐன்ஸ்டைன் தம் சார்பியல் கொள்கையில் கண்டது இதைத்தான்.

இப்போது உங்கள் விமானம். நாகபுரியிலிருந்து சென்னை நேர்கோட்டில் சுமார் 900 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் வினாடிக்கு 250 மீட்டர் என்று கொள்வோம். வேகத்தைத் தூரத்தால் பெருக்கி ஒளிவேகத்தின் இருபடியால் வகுத்தால், தரைக் கணக்குக்கும் விமானக் கணக்குக்கும் இடையிலான வேறுபாடு கிடைக்கும்: 2.5 நானோ வினாடி, அதாவது ஒரு வினாடியை நூறு கோடியாகப் பிரித்தால் அதில் இரண்டரைப் பங்கு. நீங்கள் சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்ததால், உங்கள் விமானக் கணக்கில் அம்மாவின் மறைவு தரைக் கணக்கைவிட அவ்வளவு முன்னதாக நிகழ்ந்ததாகிறது.

அடையாறு மாணவன்

நான் இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன். தரமணி ஐயா சொன்ன எண் சிறியது என்பதால் கொள்கை சிறியதாகிவிடாது என்று நினைக்கிறேன். தூரம் கூடினால் வேறுபாடும் கூடும். புரட்டாசித் தொடக்கத்தில் இரவு கவியும்போது வடகிழக்கே ஆந்திரமீடா விண்மீன் மண்டலம் எழும். அதன் தொலைவு ஏறத்தாழ 25 லட்சம் ஒளியாண்டுகள். மெரினாவில் ஒருவர் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலையை நோக்கி நடக்கிறார். இன்னொருவர் எதிர்த்திசையில் வருகிறார். ஆந்திரமீடா இருக்கும் பக்கமாக அவர்களின் வேகம் வினாடிக்கு 1 மீட்டர் என்று கொண்டால், இருவரும் தோளோடு தோள் கடக்கும் அந்தப் புள்ளியில், ‘ஆந்திரமீடாவில் இப்போது’ என்பதைப் பற்றிய அவர்களின் கணக்குகள் ஆறு நாள்கள் வேறுபடும்.

ஒருவருக்கு ‘இப்போது’ நடப்பது இன்னொருவருக்கு இன்னும் நடக்காதது. எனவே எதிர்காலமும் இறந்தகாலமும் நிகழ்காலத்தைப் போலவே இருக்கின்றன என்பதைத் தவிர வேறு முடிவு இல்லை. பிரபஞ்சம், வெளியின் மூன்று பரிமாணங்களோடு காலத்தையும் சேர்த்த ஒரு நாற்பரிமாணக் கட்டி. சென்னைக்கும் லண்டனுக்கும் கடிகார நேரம் வேறாக இருப்பதைப் போன்றதுதான் இதுவும்.

தரமணி

தம்பி, மெரினாக் கணக்கு சரி. கடைசி வாக்கியம் மட்டும் தவறு. ஒரு காலத்தில் நம் நகரம் கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முந்திய ‘மதராஸ் நேரம்’ என்பதைப் பின்பற்றியது. 1906இல் இந்தியத் திட்ட நேரம் வந்ததும் அது ஐந்தரை மணி ஆயிற்று. அதனால் எந்த இரண்டு நிகழ்ச்சிகளும் முன்பின் மாறிவிடவில்லை, பெயர்ப்பலகை மட்டுமே மாறியது. சார்பியலில் மாறுவது நிகழ்ச்சிகளின் முன்பின் வரிசை. அந்த வரிசையும் எல்லா நிகழ்ச்சிகளுக்கும் மாறிவிடாது. அதை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

நூலகவாசி

கோட்டூர்புரம் நூலகத்தில் தத்துவப் பகுதியில் அமர்ந்து பல மாதங்கள் இதையே படித்தவன் என்ற உரிமையில் குறுக்கிடுகிறேன்.

மாணவர் சொன்ன வாதத்தை 1966இல் ரீட்டைக்கும் 1967இல் ஹிலாரி புட்னமும் தனித்தனியாக முன்வைத்தார்கள். அதன் எலும்புக்கூடு இதுதான்: என்னுடன் ஒரே நேரத்தில் இருப்பது எனக்கு உண்மை, உங்களுடன் ஒரே நேரத்தில் இருப்பது உங்களுக்கு உண்மை, நீங்கள் எனக்கு உண்மையானவர் என்றால் உங்களுக்கு உண்மையானதும் எனக்கு உண்மையே, ஆகவே என் எதிர்காலத்தில் உள்ளதும் எனக்கு உண்மை. 1968இல் தத்துவ அறிஞர் ஹவர்ட் ஸ்டைன் இதற்கு எழுதிய மறுப்பை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். அவர் சார்பியலில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. ‘ஒரே நேரத்தில் இருப்பதே உண்மை’ என்ற முதல் அடியை நாம் நியூட்டன் காலத்துப் பழக்கத்திலிருந்து எடுத்துவந்து, அந்தப் பழக்கத்தை ஒழித்த கொள்கைக்குள்ளேயே குடிவைக்கிறோம் என்று சுட்டிக்காட்டினார். தொலைவில் உள்ளவற்றின் ‘ஒரே நேரம்’ என்பது குறிப்பாயத்தைப் பொறுத்து மாறும் கணக்கு என்று ஒப்புக்கொண்ட பிறகு, எது இருக்கிறது எது இல்லை என்ற பெருஞ்சுமையை அந்தக் கணக்கின்மேல் ஏற்றலாமா? மெரினாவில் எதிரெதிரே நடப்பவர்கள் ஆந்திரமீடாவை மாற்றிவிடவில்லை. ஒரே நிலப்படத்தின்மேல் இரண்டு கோடுகளைச் சற்றுச் சாய்த்து வரைந்திருக்கிறார்கள்.

அப்படியானால் எது மாறாதது? ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஓர் ஒளிக்கூம்பு உண்டு. எவற்றிலிருந்து ஒளியோ ஒளியைவிட மெதுவான எதுவோ வந்து அந்த நிகழ்ச்சியைத் தொட்டிருக்கக்கூடுமோ அவை எல்லாம் அதன் முன்; இதுவே அதன் பின்னோக்கிய கூம்பு. அந்த நிகழ்ச்சியிலிருந்து அப்படிச் சென்று தொடக்கூடியவை எல்லாம் அதன் பின். இந்த முன்பின்னை எந்த நோக்கராலும் புரட்ட முடியாது. இரண்டிலும் அடங்காமல் வெளியே நிற்பவற்றுக்குத்தான் முன்பின் தீர்மானமில்லை, அவற்றுக்கும் நமக்கும் அந்தக் கணத்தில் எவ்விதத் தொடர்பும் இருக்க முடியாது. ஒரு நிகழ்ச்சிக்கு முடிந்துபோனது என்று சொல்லத்தக்கது அதன் பின்னோக்கிய கூம்பில் இருப்பது என்று ஸ்டைன் வரையறுத்தார். இந்த வரையறையோடு, நிகழ்ச்சிகள் ஒவ்வொன்றாக நிகழ்ந்து முடிகின்றன என்கிற ‘ஆதல்’ என்னும் கருத்து சார்பியலுக்குள் முரணின்றி வாழ முடியும்.

காலவெளி என்ற ஒன்றிணைந்த கருத்தைக் கணிதவியலாளர் மின்கோவ்ஸ்கி கொலோன் நகரில் உரையாக வழங்கியது 1908 செப்டம்பரில். காலம் உண்மையன்று என்று தத்துவ அறிஞர் மெக்டாகர்ட் தம் புகழ்பெற்ற கட்டுரையை வெளியிட்டதும் அதே 1908இல்தான். ஒருவர் வடிவியலிலிருந்தும் மற்றவர் தருக்கத்திலிருந்தும் கிளம்பி, ‘இப்போது’ என்னும் ஒரே சொல்லின்மேல் ஒரே ஆண்டில் கை வைத்திருக்கிறார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

தரமணி

நூலகவாசி சொன்ன கூம்பை ஆசிரியை அம்மாவின் பயணத்தில் வைத்துப் பார்க்கலாம். ஒளி 900 கிலோமீட்டரைக் கடக்க 3 மில்லி வினாடி ஆகும். ஆகவே அம்மாவின் கடைசி மூச்சுக்கு 3 மில்லி வினாடி முன்பிருந்து 3 மில்லி வினாடி பின்புவரை, மொத்தம் 6 மில்லி வினாடி அகலமுள்ள ஓர் இடைவெளி உங்கள் பயணத்தில் உண்டு. அதற்குள் நீங்கள் செய்தவை அந்த மூச்சுக்கு முன்பா பின்பா என்பதற்கு எல்லோருக்கும் பொதுவான விடை இல்லை. அந்த இடைவெளிக்கு வெளியே நீங்கள் செய்த ஒவ்வொன்றும் ஐயமின்றி முன்பு அல்லது ஐயமின்றிப் பின்பு. ஒளிவேகத்தை நெருங்கிச் செல்லும் நோக்கரும் அதை மறுக்க முடியாது.

ஆகவே உங்கள் கேள்வி பொருளற்றதன்று. அதன் விடை ஒரு புள்ளியாக இல்லாமல் 6 மில்லி வினாடி தடிமனுள்ள ஒரு கீற்றாக இருக்கிறது. அவ்வளவே.

பரங்கிமலை

கருவியியல் பொறியாளனாக ஒரு சொல் மட்டும். சான்றிதழில் 2.40 என்று நிமிடக் கணக்கில்தான் எழுதுவார்கள். ஒரு நிமிடம் என்பது 60,000 மில்லி வினாடி. ஆசிரியை அம்மாவுக்குத் தெரியாமல் போனதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் ஐன்ஸ்டைனைச் சேரும். மீதி முழுவதும் அந்த அறையின் சுவர்க்கடிகாரத்தைச் சேரும்.

மயிலை ஆசிரியை

இந்த எண்கள் எனக்கு எவ்வளவு பெரிய உதவி என்று உங்களுக்குத் தெரியாது. அந்த ஒரு நிமிடத்தில் நான் சாளரத்தின் வழியே கீழே ஓர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறெதுவும் செய்யவில்லை. அந்த நிமிடம் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால், 6 மில்லி வினாடி எந்தப் பக்கம் சாய்ந்தாலும் என் விடை மாறாது.

ஆனால் நூலகவாசியின் பதிவில் ஒன்று என்னை உறுத்துகிறது. எனக்கு முடிந்துபோனது என் பின்னோக்கிய கூம்பில் உள்ளது மட்டுமே என்றால், என் ‘இப்போது’ ஒரு புள்ளியாகச் சுருங்கிவிடுகிறது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் தம்பிகூட என் நிகழ்காலத்தில் இல்லை, சற்று முந்தைய தம்பிதான் எனக்குக் கிடைக்கிறான். ஒவ்வொருவரும் தத்தம் புள்ளியில் தனித்து நிற்கும் உலகத்தை உண்மை என்று ஏற்க என்னால் முடியவில்லை. துக்க வீட்டில் பத்துப் பேர் சேர்ந்து அமர்ந்திருந்தோம். அந்தச் ‘சேர்ந்து’ என்பதற்கு என்ன பொருள்?

நூலகவாசி

அம்மா, ஸ்டைனை ஏற்பவர்களுக்கு எதிராக வைக்கப்படும் மிக வலுவான மறுப்பை உங்கள் அனுபவத்திலிருந்தே எடுத்துவிட்டீர்கள். புள்ளி என்பது கணிதத்தின் நிகழ்காலம். மனிதனுடைய நிகழ்காலம் புள்ளியாக இருந்ததே இல்லை. ஒரு சொல்லைக் கேட்கவே நமக்குக் கால் வினாடி வேண்டும். அந்தத் தடிமனோடு பார்த்தால் விடை கிடைக்கும் என்று நினைக்கிறேன். மாத்திரை என்பதைப் பற்றி நீங்கள் சொல்வதே பொருத்தமாக இருக்கும்.

மயிலை ஆசிரியை

எழுத்துகளின் ஒலியளவைச் சொல்லும் இடத்தில் தொல்காப்பியர் ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்பார். கண் இமைக்கும் நேரமோ கைநொடிக்கும் நேரமோ ஒரு மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மனிதன் இயல்பாக உணரும் மிகச் சிறிய கால அலகாக உடம்பையே அளவுகோலாக்கினார்கள்.

தரமணி

அப்படியானால் ஒரு மாத்திரையைத் தோராயமாகக் கால் வினாடி என்று வைத்துக்கொள்கிறேன். அந்த நேரத்தில் ஒளி 75,000 கிலோமீட்டர் செல்லும். பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர். அம்மா, ஒரு குறில் எழுத்தை நீங்கள் ஒலித்து முடிப்பதற்குள் ஒளி பூமியை ஒன்றரை முறைக்கும் மேல் சுற்றிவந்துவிடும்.

துக்க வீட்டில் நீங்கள் பத்துப் பேரும் சேர்ந்து இருந்ததன் பொருள் இதுதான்: உங்களுக்கிடையே முன்பின் தீர்மானமில்லாத இடைவெளி ஒரு மாத்திரையின் கோடியில் சில பங்குகூட இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவும், ஒருவர் சொல்லுக்கு மற்றவர் தலையசைக்கவும், மாத்திரைக்குள் ஒளி எண்ணற்ற முறை போய்வந்துவிடுகிறது. பூமி முழுவதிலும் வாழும் மக்கள் ஒரு மாத்திரைத் தடிமனுள்ள நிகழ்காலத்தைப் பகிர்ந்துகொள்கிறார்கள் என்று சொல்வதைச் சார்பியல் எவ்விதத்திலும் தடுக்கவில்லை. நிலவுக்குப் போனால் இது முறிந்துவிடும். அங்கே ஒளி போய்வர 2.6 வினாடி ஆகும், உரையாடலில் அந்த இடைவெளி காதில் படும். செவ்வாய்க்கு ஒருவழிக்கே மூன்று நிமிடத்திலிருந்து இருபத்திரண்டு நிமிடம் வரை ஆகும். அங்கிருப்பவரோடு ‘இப்போது’ என்ற சொல்லைப் பகிர முடியாது. நாம் சிறியவர்களாக, மெதுவானவர்களாக, ஒருவருக்கொருவர் அருகில் வாழ்பவர்களாக இருப்பதால்தான் எல்லோருக்கும் பொதுவான ‘இப்போது’ ஒன்று உலகெங்கும் விரிந்திருப்பதாகத் தோன்றுகிறது. அந்தத் தோற்றம் நம் அளவில் முற்றிலும் சரியானது. அதைப் பிரபஞ்சம் முழுவதற்கும் நீட்டியதுதான் தவறு.

அடையாறு மாணவன்

ஐயா, பிரபஞ்சம் முழுவதற்கும் பொதுவான காலம் ஒன்று அண்டவியலில் இருக்கிறதே? 1380 கோடி ஆண்டுகள் என்று வயது சொல்கிறோம். யாருடைய கடிகாரத்தில்?

தரமணி

நல்ல கேள்வி. பொருள்கள் பேரளவில் ஏறத்தாழச் சீராகப் பரவியிருப்பதால், அந்தப் பரவலோடு சேர்ந்து செல்லும் நோக்கர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஓர் அண்டகாலத்தை வரையறுக்க முடிகிறது. 1380 கோடி ஆண்டு என்பது அவர்களின் கடிகாரத்தில். பெருவெடிப்பின் மிச்சமாக விண்ணெங்கும் பரவியிருக்கும் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சை அளந்து, அந்தக் குறிப்பாயத்துக்கு எதிரே நம் சூரியன் வினாடிக்கு ஏறத்தாழ 370 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்றும் கண்டிருக்கிறோம்.

ஆனால் இது இயற்கை விதியில் எழுதப்பட்ட பொதுக் காலமன்று, பொருள்கள் தற்செயலாக அமைந்திருக்கும் முறையிலிருந்து கிடைக்கும் சராசரி. இதைத்தான் தருக்கவியலாளர் குர்ட் கோடெல் 1949இல் பிடித்துக்கொண்டார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு அவர் கண்ட ஒரு தீர்வில் பிரபஞ்சம் முழுவதும் சுழல்கிறது. அதில் அண்டகாலம் என்ற ஒன்றை வரையறுக்கவே இயலாது, முன்னோக்கியே சென்று புறப்பட்ட கணத்துக்குத் திரும்பும் பாதைகளும் உண்டு. நம் பிரபஞ்சம் அப்படிப்பட்டதன்று. ஆயினும் அதே விதிகள் அத்தகைய உலகையும் அனுமதிக்கின்றன என்றால், காலம் ஓடுகிறதா இல்லையா என்பது பொருள்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்ற தற்செயலையா பொறுத்திருக்கும் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்விக்கு இன்றுவரை எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை.

பரங்கிமலை

பேச்சு விண்வெளிக்குப் போய்விட்டதால் தரைக்கு ஒருமுறை இழுக்கிறேன். இவையெல்லாம் தாளில் மட்டும் வாழும் கணக்குகள் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 1971இல் அணுக்கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றிவந்தபோது, கிழக்கே சென்றவை 59 நானோ வினாடி இழந்தன, மேற்கே சென்றவை 273 நானோ வினாடி பெற்றன. நம் கைபேசிக்கு வழிகாட்டும் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களின் கடிகாரங்கள் நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தும். திருத்தாவிட்டால் தூரக் கணக்கில் நாளுக்குப் பதினொரு கிலோமீட்டர் பிழை சேரும்.

ஈர்ப்பும் காலத்தை மாற்றும். என் அக்கா உதகமண்டலத்தில் வசிக்கிறார், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். அவருடைய கடிகாரம் சென்னைக் கடிகாரத்தைவிட ஆண்டுக்கு 7.7 மைக்ரோ வினாடி வேகமாக ஓடும். சஷ்டியப்தபூர்த்திவரை அங்கேயே வாழ்ந்தால், இங்கே இருப்பவரைவிட அரை மில்லி வினாடிக்குச் சற்றுக் குறைவாக மூத்திருப்பார். இன்னொன்று: பூமியின் சுழற்சியால் நிலநடுக்கோட்டுக் கடிகாரம் துருவக் கடிகாரத்தைவிட மெதுவாக ஓடும் என்று 1905இல் ஐன்ஸ்டைன் எழுதினார். பூமி இடுப்பில் பருத்திருப்பதால் ஈர்ப்பின் விளைவு அதை ஈடுசெய்துவிடுகிறது. கடல்மட்டத்தில் உள்ள கடிகாரங்கள் எல்லாம் ஒரே விகிதத்தில்தான் ஓடுகின்றன.

மாணவத் தம்பிக்கு என் கேள்வி: எல்லாம் உறைந்த கட்டி என்றால், அக்காவின் கடிகாரம் அதிகமாகக் கணக்கிட்ட அந்த மைக்ரோ வினாடிகள் என்ன? ஏதோ ஒன்று அங்கே உண்மையாகவே கூடுதலாகக் கழிந்திருக்கிறது அல்லவா?

அடையாறு மாணவன்

கழிந்திருக்கிறது, ஐயா. அவருடைய பாதை நெடுகிலும் அளக்கப்படும் காலம் எல்லா நோக்கருக்கும் ஒன்றே. அதை யாரும் மறுக்க முடியாது. பாதையின் நீளம் என்று நான் அதைச் சொல்வேன். ஆனால் நீளம் ‘கழியாது’ என்பதும் தெரிகிறது. சென்னையிலிருந்து செங்கல்பட்டுவரை சாலையின் நீளம் இருக்கிறது, அது ஓடுவதில்லை. யோசிக்கிறேன்.

நூலகவாசி

நிகழ்காலமே உண்மை என்போருக்கு இன்னொரு வாயில் இருக்கிறது. கண்டறிய முடியாத ஒரு சிறப்புக் குறிப்பாயம் உண்டு, அதன் ‘இப்போது’தான் உண்மையானது என்று இயற்பியலாளர் லோரன்ஸின் வழியில் சொல்லலாம். சோதனைகள் எதுவும் இதைப் பொய்ப்பிக்காது. எந்தச் சோதனையாலும் தொட முடியாத ஒன்றை, நம் உள்ளுணர்வைக் காப்பாற்றுவதற்காக மட்டும் இயற்கையில் நட்டுவைப்பது எனக்கு உவப்பாக இல்லை.

மயிலை ஆசிரியை

இதற்கிடையில் தனிமடலில் ஓர் அன்பர், ‘முதல் எனப்படுவது நிலம் பொழுது இரண்டின் இயல்பு’ என்று தொல்காப்பியர் சொன்னதால் காலவெளியை அவரே கண்டுவிட்டார் என்று எழுதச் சொன்னார். அந்த நூற்பா அகப்பாடலின் பின்புலம் எது என்பதைச் சொல்கிறது. இடத்தையும் பொழுதையும் சேர்த்து எண்ணிய பழக்கம் அழகானது. ஆனால் ஒருவர் நகரும்போது இரண்டும் ஒன்றோடொன்று கலக்கின்றன என்ற செய்தி அதில் இல்லை. இல்லாததைச் சேர்ப்பது அந்த நூலுக்கும் மரியாதையாகாது.

என் இரண்டாவது கேள்விக்கு இலக்கணம் உதவும் என்று இப்போது தோன்றுகிறது. மூன்று காலத்துக்கும் ஒத்த இயல்புடைய பொருளைப் பற்றிப் பேசும்போது அதற்கென்று ஒரு பொதுச்சொல்லைப் பயன்படுத்த வேண்டும் என்று வினையியலில் ஒரு விதி இருக்கிறது. ‘மலை நிற்கும்’, ‘தீச் சுடும்’ என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். மலை நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். அந்த மூன்றையும் ஒரே சொல் ஏந்துகிறது. பள்ளியில் எதிர்காலம் என்று நாங்கள் பாடம் நடத்தும் அதே வடிவம்தான். ‘உண்டு’ என்ற சொல்லும் இப்படித்தான். அதில் காலங்காட்டும் இடைநிலை இல்லை.

மாணவத் தம்பி ‘எதிர்காலமும் இருக்கிறது’ என்றார். நானும் முதல் பதிவில் ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்றேன். இருக்கிறது என்றால் நிகழ்காலம். ஏற்கெனவே என்றால் இறந்தகாலம். என் அச்சம் முழுவதும் அந்த இரண்டு சொற்களில் இருந்து வந்ததோ என்று ஐயுறுகிறேன். நாற்பரிமாணப் பார்வை சொல்ல வருவது ‘எதிர்கால நிகழ்ச்சிகள் உண்டு’ என்பதாக இருந்தால், அவை இன்றைக்கே எங்கோ முடிந்து காத்திருக்கின்றன என்று பொருளாகாது அல்லவா? ஒரு மொழியில் ஒரு வடிவம் இருப்பதால் உலகம் அப்படி இருந்துவிடாது என்பதை அறிவேன். கேள்வியைச் சரியாகக் கேட்க அது உதவுமா என்றுதான் கேட்கிறேன்.

நூலகவாசி

உதவும், அம்மா. பல நூல்கள் பக்கம் பக்கமாக விளக்க முயலும் வேறுபாட்டை ‘இருக்கிறது’ என்பதற்கும் ‘உண்டு’ என்பதற்கும் இடையில் வைத்துவிட்டீர்கள். காலங்காட்டாத ‘உண்டு’ என்ற சொல்லால் சொன்னால், நாற்பரிமாணப் பார்வையிலிருந்து விதிவாதம் பிறக்காது. அந்தப் பார்வையிலும் பின்னால் வருவது வந்தது முன்னால் உள்ளதால்தான். நீங்கள் பதறி விமானம் ஏறியது என்னும் நிகழ்ச்சி உண்டு. அன்று மாலை வீட்டு வாசலில் நீங்கள் வந்து இறங்கியது என்னும் நிகழ்ச்சியும் உண்டு. முதலாவது இரண்டாவதன் பின்னோக்கிய கூம்புக்குள் அதன் காரணமாக இருக்கிறது. முதலாவதை நீக்கினால் இரண்டாவது இல்லை. ஓடிவந்தது வீண் என்று சொல்ல, எப்படியும் வந்து சேர்ந்திருப்பீர்கள் என்று காட்ட வேண்டும். அதைக் காலவெளி எங்கும் சொல்லவில்லை.

கடைசியாக, பெஸ்ஸோ கடிதத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டிய ஒன்று. ‘இப்போது’ என்னும் சிக்கல் தம்மை ஆழமாக வருத்துகிறது என்று ஐன்ஸ்டைன் தம்மிடம் சொன்னதைத் தத்துவ அறிஞர் ருடால்ஃப் கார்னாப் தம் வாழ்க்கைக் குறிப்பில் பதிவுசெய்திருக்கிறார். இப்போது என்னும் அனுபவம் மனிதனுக்கு இறந்தகாலத்திலிருந்தும் எதிர்காலத்திலிருந்தும் அடிப்படையில் வேறானது. ஆனால் அந்த வேறுபாடு இயற்பியலுக்குள் வருவதில்லை, வரவும் முடியாது என்று கருதிய அவருக்கு அது வேதனையான விட்டுக்கொடுத்தலாக இருந்தது என்கிறார் கார்னாப். கடிதத்தில் மாயை என்று எழுதியவரும் இந்த வேதனையைச் சொன்னவரும் ஒருவரே. கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் காலத்தைத் தள்ளிவிட்டார் என்று சொல்வது நேர்மையாகாது.

அடையாறு மாணவன்

அம்மா, ‘வேறு முடிவு இல்லை’ என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். நாற்பரிமாணப் பார்வையை இன்னும் நம்புகிறேன், ஆனால் மெரினாக் கணக்கு அதை நிறுவவில்லை.

மயிலை ஆசிரியை

தம்பி, நீங்கள் அதை நம்பிக்கொண்டே இருங்கள். அம்மா ‘உண்டு’ என்று சொல்ல எனக்கும் இப்போது தயக்கமில்லை. தை மாதத்து அந்தப் பிற்பகலுக்கு முன்னால் எழுபத்தொன்பது ஆண்டுகள் நீளமுள்ள ஒரு பாதையாக அவர் உண்டு, அதை எவராலும் நீக்க முடியாது. ஆனால் நாளைக் காலை காபி கொண்டு வந்து வைத்துவிட்டு என்னை எழுப்பமாட்டார். எனக்கு இல்லாமல் போனது அதுதான். அதை நாற்பரிமாணப் படத்தில் எங்கே குறிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. கார்னாப் பதிவுசெய்த வேதனை இதுவாக இருந்தால் அது எனக்குப் புரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு வாசிப்பு வட்டத்தில் இதைப் பேசக் கேட்டிருக்கிறார்கள். குறிப்புகளில் ‘இருக்கிறது’ வரும் இடங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, ‘உண்டு’ என்று மாற்ற வேண்டியவற்றை மாற்றிக்கொண்டிருக்கிறேன். 900 கிலோமீட்டர், 3 மில்லி வினாடி, 2.5 நானோ வினாடி, மாத்திரைக்கு 75,000 கிலோமீட்டர் என்று எழுதிவைத்திருக்கிறேன். தரமணி அவர்கள் ஒருமுறை சரிபார்த்துச் சொல்ல வேண்டும்.

தரமணி

நான்கும் சரி, அம்மா. மூன்றாவதில் மட்டும் ‘விமானம் நேராகச் சென்னையை நோக்கிச் செல்வதாகக் கொண்டால்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.